தண்ணி வருதாப்பா என்று கேட்டாயே

குமரா,

தண்ணீர் வருகிறது. காலை ஆறு மணிக்கு வருகிறது, சாயங்காலமும் வருகிறது. மற்றதையெல்லாம் மெதுவாகச் சொல்கிறேன். இதை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுத்தபோதே முடிவு செய்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நீ முகாமிலிருந்து போன் செய்தாய். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், சுமதி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாய், கடைசியாக "தண்ணி வருதாப்பா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. சண்டை நடக்கிற ஊரில், நாலு பேருக்கு ஒரு பக்கெட் தண்ணீர் என்று இருந்துகொண்டு, நீ நம் வீட்டுக் குழாயை நினைத்துக் கவலைப்பட்டாய். அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை.

இது நான் எழுதும் முதல் கடிதம். எழுபத்தோரு வயதில் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகிறது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் தாளைத் தூரத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன், நான் நினைத்ததே அதில் இருக்கிறது. உன் அம்மா போன பிறகு மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல்தான் போன வருஷம் மூலக்குளம் பள்ளிக்கூடத்தில் நடக்கிற சாயங்கால வகுப்புக்குப் போனேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் டீச்சர் இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். திருத்தியவர், "இதை நம்ம வகுப்பு இதழ்ல போடலாமா ஐயா?" என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதில் நான் வாழ்க்கையில் செய்த தப்புகளும் இருக்கின்றன. இருக்கட்டும். சுமதி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். லைன் கிடைக்கும்போது படி.

உன் துறைமுகம் மூடி, சம்பளம் நின்ற நாளிலிருந்து தொடங்குகிறேன். அதே ஏஜெண்ட் மூலம் ஆள் போன வீடுகள், நம்முடையதையும் சேர்த்து, நம் பகுதியில் ஏழு. ஏழு வீட்டுக்கும் ஒரே நாளில் பணம் வருவது நின்றது. என் பென்ஷனில் அரிசி, பால், பாப்பாவின் ஊசி எல்லாம் ஓடின. தண்ணீர் பில்லை மட்டும் நான் தள்ளிப்போட்டேன். சுமதி இரண்டு முறை கேட்டாள். "கட்டியாச்சும்மா" என்று சொன்னேன். அது பொய். முப்பத்தோரு வருஷம் தண்ணீர் ஆபீசில் வேலை பார்த்தவன் வீட்டுக்கா வந்து இணைப்பை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு மிதப்பு எனக்கு. அடுத்த வீட்டுக்காரர் ஆழ்குழாய் போட்டிருக்கிறார், ஆனால் அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இரண்டு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தக் குழாயை வைத்துச் சூதாடியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் கேட்டில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும், குமரா. அதே தாளை, என் கையால் பசை தடவி, எத்தனை ஆயிரம் கேட்டுகளில் ஒட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒட்டிய பிறகு நாள் பார்த்துப் போவோம். ரோட்டோரம் தோண்டி, வீட்டுக்குப் போகும் பைப்பைக் கழற்றி, முனையில் பிளக் போட்டு முறுக்கினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தெரியாது. அன்றுதான் படித்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பால்காரர் வந்தார், போனார். வெயில் என் கழுத்துக்கு வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்பது வரை தெரிந்த செய்திதான். அதற்குக் கீழே, கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் காரணத்தைச் சொல்லி மனு கொடுத்தால் அவகாசம் தருவது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று.

நான் அப்படியே கேட்டருகே உட்கார்ந்துவிட்டேன். அந்த வரி எந்தக் காலத்தில் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. நான் ஒட்டிய தாள்களிலும் அது இருந்திருக்கலாம். எத்தனையோ பெண்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடமே கேட்டிருக்கிறார்கள், "வேற வழி எதுவும் இல்லீங்களா?" என்று. இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். வழி அவர்கள் கையில் இருந்த தாளிலேயே இருந்திருக்கிறதோ என்னவோ.

சுமதியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "ஏன் மாமா பொய் சொன்னீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அது போதும் எனக்கு. அன்று மாலையே மற்ற ஆறு வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் மஞ்சள் தாள். உன் நண்பன் செல்வத்தின் பெண்டாட்டி மல்லிகா அதை அரிசி டிரம்முக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாள், மாமியார் பார்த்துவிடக் கூடாதென்று. நான் மனு எழுதித் தருகிறேன் என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா இருக்கு மாமா. முப்பது வருஷமா ஊரான் வீட்டுத் தண்ணிய நிறுத்தினவரு, இப்ப மனு எழுத வந்துட்டாரு!"

"முப்பத்தோரு வருஷம்மா. சரியா சொல்லு" என்றேன்.

"எழுதத் தெரியுமா மொதல்ல?"

"மெதுவா வரும். நீ டீ போட்டுக் குடுத்தா கொஞ்சம் சீக்கிரம் வரும்."

டீ போட்டாள். ஏழு மனு எழுத மூன்று நாள் ஆனது. எல்லாம் ஒரே வாசகம்தான். வீட்டில் சம்பாதிக்கிறவர் சண்டை நடக்கிற நாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார், சம்பளம் நின்றுவிட்டது, அவர் திரும்பி வரும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம், பாக்கியைத் தவணையாகக் கட்டிவிடுகிறோம். ஆபீசில் இருந்த அதிகாரி வயதில் சின்னப் பெண். ஏழையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே, யாரு எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். "தாத்தா, எங்க ஆபீஸ்ல இவ்வளவு தெளிவா எழுதறவங்க ரெண்டு பேருகூட இல்ல" என்றார். குமரா, உன் கல்யாணத்தன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு இது கொஞ்சம்தான் குறைச்சல். மேலே அனுப்பி உத்தரவு வாங்குகிறேன் என்றார். சொன்னபடியே வாங்கினார். ஏழு வீட்டு எண்களும் போட்டு, சண்டை ஓய்ந்து சம்பளம் வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று ஒரு கடிதம், சீல் வைத்து, ஆளுக்கொரு நகல். என்னுடையதைப் பாப்பாவின் ஊசி அட்டைக்குள் பத்திரமாக வைத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறு வாரம், நான் கடைக்குப் போய்த் திரும்பும்போது, நம் வீட்டு வாசலில் ஒருவர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் இந்த வேலையைக் கான்டிராக்டில் விட்டிருக்கிறார்கள். வந்தவர் ஒடிசாக்காரர், நாற்பது வயது இருக்கும். பெயர் பிரகாஷ் என்று பிறகு சொன்னார். உத்தரவு வருவதற்கு முன்பே அச்சான பழைய லிஸ்ட் அவர் கையில் இருந்தது. சுமதி கையில் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள், தோளில் பாப்பாவும் கத்திக்கொண்டிருந்தாள்.

"லெட்டர் இருக்குன்னு சொல்றேன்ல? ஆபீஸ் லெட்டர்! படிச்சுப் பாருங்க!"

அவர் கடிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். திரும்பவும் மேலே பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "இது வேற லெட்டர், அம்மா. லிஸ்ட்ல நம்பர் இருக்கு. கட் பண்ணணும்" என்று ரெஞ்சை எடுத்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோபத்தால் இல்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். படிக்கிறவனுடைய கண் ஒரு இடத்தில் நிற்கும், தயங்கும், பின்னால் போகும். படிக்கத் தெரியாதவன் படிக்கிற மாதிரி காட்டும்போது கண் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அது என் பார்வை. அதை வைத்து ஒரு முறை நான் ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ உன் அம்மா வயிற்றில் இருந்த சமயம். அப்போதும் வளைகுடாவில் ஒரு சண்டை. முத்தியால்பேட்டையில் ரோசலி என்று ஒரு அம்மா, கணவர் குவைத்தில் டிரைவர். மனுஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நிலை. பில் கட்டவில்லை என்று அவர் வீடு லிஸ்டில் இருந்தது. லிஸ்டைப் படிக்கிற மேஸ்திரி எனக்கு முந்தின நாளே வீட்டைக் காட்டிவிட்டு லீவில் போயிருந்தார், நான் தனியாகப் போனேன். அந்த அம்மா ஓடி வந்து ஒரு தாளை என் கையில் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு தைரியம். நான் அந்தத் தாளைப் பார்த்தேன், மேலிருந்து கீழே. இரண்டு சின்னப் பெண்கள் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் வேலைக்காரன், காக்கிச் சட்டை போட்டவன், எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? "இது பழசும்மா. செல்லாது" என்றேன். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டேன்.

அது இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து எங்கள் ஆபீசே எழுதிய கடிதம். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா லெட்டர் காட்டலியா?" என்றார். "காட்டலீங்க" என்று சொன்னேன். அந்தப் பொய்யால் பழி அந்த அம்மா மேல் போனது. காட்ட வேண்டிய நேரத்தில் காட்டாமல் ஏன் ஆபீசுக்கு வந்து கத்துகிறாய் என்று அவரைத்தான் திட்டினார்கள். நானே போய் இணைப்பைக் கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் மூத்த பெண் தெருக் குழாயில் வரிசையில் நின்றதை, அவள் உயரத்துக்குப் பொருந்தாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதை நான் சைக்கிளில் போகும்போது பார்த்திருக்கிறேன். வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. சுமதி அந்த மனிதரைப் பார்த்து, "படிக்கத் தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினாள். நான் அவளை உள்ளே போகச் சொன்னேன். குழிக்குப் பக்கத்தில் போய், முட்டி வலியோடு, குந்தி உட்கார்ந்தேன்.

"தமிழ் படிக்கத் தெரியுமாப்பா?"

"கொஞ்சம் தெரியும்."

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியாது, தாத்தா" என்றார்.

"எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. நானும் இதே வேலைதான், இதே ரெஞ்சுதான். உன் சூப்பர்வைசருக்குப் போன் போடு. நான் படிக்கிறேன், அவரு கேக்கட்டும்."

போட்டார். நான் கடிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். கடித எண், தேதி, பொருள் என்று எதையும் விடவில்லை. "துண்டிக்கக் கூடாது" என்கிற இடத்தைத் திரும்ப ஒரு முறை, சத்தமாகப் படித்தேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கத்திலிருந்து, "யாருங்க படிக்கிறது? எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி… வீட்ல பெரியவங்க யாரும் இல்லியா? சின்னப் பசங்கள ஏங்க படிக்க விடுறீங்க?" என்றார்.

"எழுபத்தோரு வயசுப் பையன் சார்" என்றேன். பிரகாஷ் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து சூப்பர்வைசரும் சிரித்தார். ஆபீசுக்குப் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். அந்தக் கால் மணி நேரம் ரெஞ்சு குழிக்குள் பைப்பின் மேலேயே இருந்தது. நானும் பிரகாஷும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. ஏழு வீட்டையும் லிஸ்டிலிருந்து அடித்துவிடு என்று உத்தரவு. பிரகாஷ் பிளக்கைத் திரும்பப் பைக்குள் போட்ட சத்தம் இருக்கிறதே, குமரா, முப்பத்தோரு வருஷத்தில் நான் கேட்காத சத்தம் அது.

மற்ற ஆறு வீடு லிஸ்டில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் கோடு போட்டார். மல்லிகா வீட்டு எண் மேல் நானே கோடு போட்டேன், அந்த டீக்காக. குழியை இரண்டு பேரும் சேர்ந்து மூடினோம். சுமதி வெளியே வந்து, "கத்திட்டேண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று அவரிடம் சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டார். அவருக்கும் ஊரில் ஒரு பெண் குழந்தையாம். தமிழ் எழுத்துப் படிக்க வருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். அவர் கண்ணில் நான் அவசரப்படுத்துகிறேன் என்று தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்கு பஸ் ஏறினேன். ரோசலி அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். கணவர் அந்தச் சண்டையிலிருந்து பத்திரமாக வந்து, பல வருஷம் வாழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறார். குடம் தூக்கிய அந்த மூத்த பெண், பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருவரைக் கட்டிக்கொண்டு பிரான்சில் இருக்கிறாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்த அம்மா கதவருகே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு?"

"உங்க வீட்டுத் தண்ணிய கட் பண்ணவன். குவைத் சண்டை அப்போ."

"அடப்பாவி! இன்னும் உசுரோடதான் இருக்கியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் படிக்காமல் படித்ததாகக் காட்டியதை, காட்டவில்லை என்று பொய் சொன்னதை. அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். பிறகு சொன்னார், "அந்தப் பன்னெண்டு நாளும் உன்ன திட்டாத நாள் இல்ல. தண்ணி போனதுக்காக இல்ல. லெட்டர படிச்சுப் பாத்துட்டும் இப்படிப் பண்ணிட்டானே, இவனெல்லாம் மனுசனான்னுதான். படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே படிச்சுக் காட்டியிருப்பேனேய்யா!"

அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குழாத் தண்ணிதான். குடி" என்றார். குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "மகன் வந்ததும் கூட்டிட்டு வா" என்றார்.

நீ எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டு கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் என்னை வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாராம். நான் அதைப் பார்த்து, "சரி சரி, நல்லா படி" என்று திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்கு உன் மேல் அக்கறை இல்லை என்று நீ நினைத்திருப்பாய். அக்கறை இருந்தது. எழுத்துதான் தெரியவில்லை. அன்றைக்கே, இதில் என்னடா எழுதியிருக்கு என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் மரியாதை என்ன ஆகும் என்று பார்த்தேன். அந்த மரியாதைக்கு உன் கணக்கையும் கொடுத்தேன், ரோசலி அம்மாவின் தண்ணீரையும் கொடுத்தேன்.

நேற்றுச் சுமதிக்கு நீ அனுப்பிய செய்தியை நானே படித்தேன். அடுத்த வாரம் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று படித்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டேன். ஆனால் கீழே இன்னொரு வரி இருந்தது. கிளம்புவதற்கு முன் கம்பெனி அரபியில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறது, எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போடாதே. நின்று போன சம்பளம் வேண்டாம் என்று அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது, அதுதான் விஷயம். தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை மேலிருந்து கீழே ஓடவிடாதே. எனக்கு இது படிக்கத் தெரியாது, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வரிக்கு வரி சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேள். சிரித்தால் சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சூப்பர்வைசர் சிரித்தார், நம் வீட்டில் தண்ணீர் வருகிறது. செல்வத்தையும் போட வேண்டாம் என்று சொல். மல்லிகா உனக்கும் டீ போடுவாள்.

பிறகு வா. வழியில் எங்கும் குளிக்க வேண்டாம், முகம் கழுவினால் போதும். நீ வருகிற அன்று காலையிலேயே மோட்டார் போட்டு மேல் டேங்க்கை நிரப்பி வைக்கிறேன். ஒரு பக்கெட் என்று கணக்குப் பார்க்காமல், போதும் போதும் என்று உனக்கே தோன்றும்வரை குளி. நான் வெளியே பாப்பாவை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கட்டைவிரல் மை இல்லாமல், என் கையாலேயே எழுதிய

அப்பா